பெண் கேட்க வந்தவர் பார்த்த மைதானங்கள்

கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த வெள்ளைக்காரர் உள்ளே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே ஒன்றும் இல்லை. புல்தான் இருந்தது. ஒரு ஆள் குழாயை இழுத்து இழுத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். இதைப் பார்க்கவா இந்த மனுஷர் ஏழு கடல் தாண்டி வந்தார் என்று நான் நினைத்தேன்.

அவருக்கு இரண்டடி பின்னால் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு நான் நின்றேன். தோளில் பை. பைக்குள் ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலை, கொட்டைப் பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். இப்போது கேட்பார், இதோ கேட்பார் என்று அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் திரும்பினார். என்னைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே கையை நீட்டி நீளமாக ஏதோ சொன்னார். நான் பையை முன்னால் இழுத்துக்கொண்டேன்.

"இன்னாடா சொல்றாரு?" என்று என் தம்பியைக் கேட்டேன்.

"இந்த கிரவுண்டுலதான் அக்கா, ஒரே ஆளு பத்து விக்கெட்டையும் எடுத்தாரு. அதச் சொல்றாரு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா? அவ்ளோதான்."

காவலுக்கு இருந்தவன் ஸ்டூலை விட்டு எழுந்து வந்தான். மேட்ச் இல்லாத நாளில் உள்ளே விட மாட்டோம், கம்பியை விட்டுத் தள்ளி நில்லுங்கள் என்று இந்தியில் சொன்னான். நாங்கள் தள்ளி நின்றோம். தில்லி கேட் பக்கம் இருக்கிற அந்தக் கிரிக்கெட் மைதானத்துக்கு வெளியே, குளிர் விட்டுப் போகிற மாதத்து வெயிலில், நாங்கள் மூன்று பேரும் ஒரு கேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

யார் இந்த ஆலன்

என் மகள் ஸ்டெல்லா இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அதே ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற பையன் டாம். இரண்டு பேருக்கும் பிடித்துப் போய்விட்டது. போனில் முகத்தைக் காட்டினாள். காது கொஞ்சம் பெரிது. மற்றபடி நல்ல பையனாகத்தான் தெரிந்தான்.

டாமுக்கு அம்மா இல்லை. அப்பாதான். அவர் பெயர் ஆலன். பஸ் ஓட்டி ரிடையரானவர். ஊர் ஊராகப் போய் விளையாட்டு மைதானங்களைப் பார்ப்பதுதான் அவருக்குப் பொழுதுபோக்காம். கோயில் கோயிலாகப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மாதா கோயிலுக்கு வேளாங்கண்ணி வரைக்கும் நடந்து போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஆட்டம் இல்லாத நாளில் மைதானத்தைப் போய்ப் பார்க்கிறவரை நான் கேள்விப்பட்டதில்லை.

"அம்மா, டாமோட அப்பா டெல்லிக்கு வராரு. ஒரு நாள் கூட இருந்து சுத்திக் காட்டுங்க. கல்யாண விஷயத்தையும் அப்படியே பேசி முடிச்சிடுங்க" என்றாள் ஸ்டெல்லா.

சரி, பெண் கேட்க வருகிறார் என்று நான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? எங்கள் விழுப்புரம் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டார்தான் வந்து வாய் திறந்து கேட்க வேண்டும். பெண் வீட்டார் தாமாகப் பேச்சை எடுத்தால், பெண்ணை எப்படியாவது தள்ளிவிடப் பார்க்கிறார்கள் என்று ஆகிவிடும். வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, வந்து இரண்டு தலைமுறை ஆகிவிட்டது, ஆனால் இந்த வழக்கத்தை நாங்கள் விடவில்லை.

பெண்ணுக்குத் தாய்மாமன் கூட இருக்க வேண்டும் என்று என் தம்பி ஆரோக்கியத்தைக் கூப்பிட்டேன். அவன் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, மோதி பாக் குவார்ட்டர்ஸைக் காலி செய்து, இப்போது முனிர்காவில் வாடகைக்கு இருக்கிறான். இங்கிலீஷ் நன்றாகப் பேசுவான். கிரிக்கெட் என்றால் சோறு வேண்டாம். அந்த இரண்டாவது குணத்தை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு ஏன் கூப்பிடவில்லை

வீட்டுக்கு வரச் சொல்லிக் காபி கொடுப்பதுதானே முறை என்று கேட்பீர்கள். முறைதான்.

நாலைந்து வருஷத்துக்கு முன் ஸ்டெல்லாவுக்கு ஒரு வரன் வந்தது. பையன் பட்டாளத்தில் இருந்தான், நல்ல குடும்பம். ஜங்புராவில் நாலாவை, அதாவது பெரிய சாக்கடைக் கால்வாயை, ஒட்டி எங்கள் குடிசைக் கேம்ப் இருந்ததே, அங்கே வந்தார்கள். அந்தச் சாக்கடை வாசனை எங்களுக்குப் பழகிப் போனது. அவர்களுக்குப் பழகவில்லை. பையனின் அம்மா முந்தானையை மூக்கில் வைத்தவள் எடுக்கவே இல்லை. ஸ்டெல்லா கொடுத்த டீயை அப்படியே கீழே வைத்தாள். "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஸ்டெல்லா அந்த டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தாள். அடுத்த வருஷம் வெளிநாட்டுக்குப் போய்விட்டாள்.

கேம்ப் இடிபட்ட கதையை முன்னமே எழுதிவிட்டேன். இப்போது நரேலாவில் நாலாவது மாடியில் ஒரு வீடு. ஊருக்கு வெளியே, பஸ் மாறிப் பஸ் மாறிப் போக வேண்டும். சுவரில் பூச்சு உதிர்கிறது. ஒரு நாற்காலி இருக்கிறது, ஒரு கட்டில் இருக்கிறது. இன்னொரு தரம் ஒருவர் என் வீட்டுக்கு வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு போவதை நான் பார்க்கத் தயாராக இல்லை. முப்பத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இந்த இடமும் தட்டிப் போனால் என்னால்தான் போனது என்று ஆகிவிடும். அதனால் கரோல் பாக்கில் அவர் தங்கியிருந்த ஓட்டலுக்கே போய்க் கூட்டிக்கொண்டு வந்தோம்.

நீலப் புல்

கிரிக்கெட் மைதானத்தில் வந்த காரியம் நடக்கவில்லை. ஆட்டோ பிடித்து இந்தியா கேட் பக்கத்து ஹாக்கி மைதானத்துக்குப் போனோம். அங்கே உள்ளே விட்டார்கள். பெண் பிள்ளைகள் ஆடிப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

தரை நீலமாக இருந்தது. அதற்கும் தண்ணீர் பீய்ச்சி அடித்தார்கள். "இது இன்னா புல்லு?" என்று கேட்டேன்.

"புல்லு இல்ல அக்கா, பிளாஸ்டிக்கு."

"பிளாஸ்டிக்குக்கு எதுக்குடா தண்ணி ஊத்துறானுங்க?"

தம்பி அதை ஆலனிடம் கேட்டான். ஆலனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கையை ஆட்டி ஆட்டி ரொம்ப நேரம் விளக்கினார். பந்து எப்படி ஓடும், கால் எப்படி வழுக்காது என்று என்னவோ. இந்தப் பேச்சு முடிந்ததும் அந்தப் பேச்சுக்கு வருவார் என்று நான் முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் பேசி முடித்தார். உட்கார்ந்திருந்த சீட்டைத் தட்டிப் பார்த்தார். எழுந்து போய் வேறு பக்கத்திலிருந்து மைதானத்தைப் பார்த்தார்.

எனக்குத் தலை சுற்றியது. ஒருவேளை பெண் கேட்பதற்கு முன்னால் மைதானம் பார்ப்பது அவர்கள் ஊரில் ஒரு சடங்கோ? இத்தனை மைதானம் பார்த்த பிறகுதான் பேச வேண்டும் என்று ஏதாவது கணக்கு இருக்குமோ? இல்லை, என்னைப் பார்த்ததும் பிடிக்காமல் போய்விட்டதோ? நான் சிரிக்கவில்லை என்பது உண்மைதான். பெண்ணைப் பெற்றவள் முதல் சந்திப்பிலேயே பல்லைக் காட்டினால் என்ன மரியாதை?

"டேய் ஆரோக்கியம்" என்று காதோடு சொன்னேன். "நீ மாமன். பேச்ச லேசா அந்தப் பக்கம் திருப்பு."

"நாம எப்படி அக்கா திருப்புறது? பொண்ணு வீட்டுக்காரங்க."

"கல்யாணம்னு சொல்லாதடா. பையன் எப்படி இருக்கான்னு கேளு."

கேட்டான். ஆலன் பதில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு வேகமாகப் பேசிக்கொண்டார்கள். தம்பி தொடையைத் தட்டிக்கொண்டான்.

"இன்னாடா?"

"டாம் நல்லா இருக்கானாம். சின்ன வயசுல ஸ்பின் போடுவானாம் அக்கா. லெக் ஸ்பின்னு."

"அது ஏதாவது நோயா?"

"இல்லக்கா, அது நல்லது."

நான் பையைத் திறந்து வெற்றிலையைத் தொட்டுப் பார்த்தேன். துணி காய ஆரம்பித்திருந்தது. குழாயடிக்குப் போய் நனைத்துக்கொண்டு வந்தேன்.

வெளியே தள்ளுவண்டியில் சக்கரவள்ளிக் கிழங்கைச் சுட்டு, நறுக்கி, எலுமிச்சை பிழிந்து, மசாலா தூவி விற்றார்கள். ஆலன் மூன்று தொன்னை வாங்கினார். எனக்குத்தான் முதலில் நீட்டினார். காரத்தில் அவர் மூக்கு சிவந்து தண்ணீர் ஊற்றியது. ஆனாலும் தொன்னையை வழித்துச் சாப்பிட்டார். மனுஷர் கெட்டவர் இல்லை. பிறகு ஏன் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்?

நான் டெல்லிக்கு வந்தது

மூன்றாவதாக லோதி ரோட்டுப் பெரிய ஸ்டேடியத்துக்குப் போகலாம் என்றார் ஆலன். எனக்கு அங்கே போக விருப்பமில்லை. காரணம் சொல்கிறேன்.

நான் டெல்லிக்கு வந்ததே அந்த ஸ்டேடியத்தால்தான். ஏதோ பெரிய விளையாட்டுப் போட்டி வருகிறது, கட்ட ஆள் வேண்டும் என்று எங்கள் பக்கத்துக்கு மேஸ்திரி வந்தார். எனக்குக் கல்யாணமான புதிது. எந்த ரயில், எந்த ஊர் என்றும் தெரியாது, வீட்டுக்காரர் ஏறு என்றார், ஏறினேன். வந்து இறங்கியதும் குளிர். அப்படி ஒரு குளிர் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சிமெண்டுச் சாக்கைப் போர்த்திக்கொண்டு தூங்கினோம். பகலெல்லாம் மணல் சுமந்தேன். மணலில் ஈரம் இருந்தால் தலையில் வைத்த பாண்டுச் சட்டி கனக்கும், கழுத்து இறங்கிப் போகும்.

கட்டி முடித்ததும் கேட்டைப் பூட்டி எங்களை வெளியே அனுப்பினார்கள். பக்கத்திலேயே நாலா ஓரமாகக் குடிசை போட்டுக்கொண்டோம். பிறகு ஜங்புரா வீடுகளில் சமையல் வேலை. வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்ததும் அந்தக் கேம்ப்பில்தான், ஸ்டெல்லா பிறந்ததும் அங்கேதான். ராத்திரியில் ஸ்டேடியத்து விளக்கு போட்டால் எங்கள் சந்துக்கே வெளிச்சம் வரும். ஆனால் கட்டி முடித்த பிறகு ஒரு நாளும் நான் அதற்குள் போனதில்லை.

சம்பந்தம் பேச வந்தவரிடம், நான் சமையல் வேலை பார்த்தவள் என்று மட்டும் சொன்னால் போதும், மண் சுமந்த கதை வேண்டாம் என்று தம்பியிடம் காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். சமைப்பது கௌரவமான வேலை. மண் சுமப்பதும் கௌரவம்தான், அது எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாதே.

வெற்றிலைக்குத் தடை

அன்றைக்கு அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம். கேட் திறந்திருந்தது. பையைச் சோதித்து உள்ளே விட்டார்கள். பெண்களைச் சோதிக்க ஒரு சின்னப் பெண் சீருடையில் நின்றாள். என் பைக்குள் கையை விட்டு ஈரத்துணியை எடுத்துப் பிரித்தாள்.

"பான் உள்ளே கொண்டு போகக் கூடாது அம்மாஜி. துப்பி வைக்கிறார்கள். இங்கேயே போட்டுவிடுங்கள்" என்று இந்தியில் சொல்லி, பக்கத்தில் இருந்த குப்பை டப்பாவைக் காட்டினாள். அதில் குட்கா பாக்கெட்டும் பீடிக்கட்டுமாகக் கிடந்தது.

எனக்கு எங்கிருந்து அத்தனை கோபம் வந்ததோ. காலையிலிருந்து பிள்ளையைத் தூக்குவது போல் தூக்கிக்கொண்டு அலைந்த வெற்றிலை. நனைத்து நனைத்து வைத்த வெற்றிலை.

"இது தின்கிற பான் இல்லை மகளே. யே ஷாதி கா ஹை" என்றேன். கல்யாணத்துக்கானது என்று. நானே நினைக்காத அளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆண்கள் பக்கம் சோதனை முடிந்து உள்ளே நடந்துகொண்டிருந்த ஆலன் நின்றார். திரும்பி வந்தார். என் முகத்தைப் பார்த்தார், வெற்றிலையைப் பார்த்தார்.

"ஷாதி?" என்றார்.

அவர் பஸ் ஓட்டிய ஊரில் பாதிப் பேர் பஞ்சாபிகளாம். ஷாதி என்கிற சொல் அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு கடகடவென்று கேட்க ஆரம்பித்தார். தம்பியும் கடகடவென்று சொன்னான். எனக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. சீருடைப் பெண் மட்டும் வெற்றிலையைத் திரும்பச் சுற்றி என் பைக்குள் பதவிசாக வைத்து, "யாருக்கு அம்மாஜி கல்யாணம்?" என்று கேட்டாள்.

"அதுதான் எனக்கே தெரியல" என்று தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

காலி நாற்காலிகள்

கேலரியில் உட்கார்ந்தோம். கீழே பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள், மைக்கில் பெயர் பெயராக வாசித்தார்கள். தம்பி எனக்கும் ஆலனுக்கும் நடுவில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, எல்லாம் உன் பொண்ணு பண்ண வேலை. ஊர்லேர்ந்து கிளம்பும்போது அவர்கிட்ட சொல்லியிருக்கா. எங்க அம்மா ரொம்ப மரியாதை பாக்குறவங்க, அவங்களா பேச்ச எடுக்குற வரைக்கும் நீங்க கல்யாணத்தப் பத்தி ஒரு வார்த்தை பேசிடாதீங்கன்னு."

"அடிப்பாவி."

"மனுஷன் காலையிலேர்ந்து பயந்துக்கிட்டு இருக்காரு. நீ பட்டுப் பொடவை கட்டிக்கிட்டு, சிரிக்காம, பையக் கட்டிப் புடிச்சிக்கிட்டு பின்னாலயே வரியாம். இந்தம்மாவுக்கு நம்மளப் புடிக்கலன்னு முடிவே பண்ணிட்டாராம். கம்முனு இருந்தா இன்னும் கஷ்டமா இருக்குமேன்னுதான் மைதானத்தப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தாராம்."

டெல்லியில் பிறந்த பிள்ளைகளுக்கு நம் வழக்கம் பாதிதான் தெரியும். பெரியவர்கள் முதலில் பேச வேண்டும் என்பது தெரிந்திருக்கிறது. எந்தப் பெரியவர் என்பது தெரியவில்லை.

நான் ஆலனைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஸ்கூலில் தலைமை ஆசிரியருக்கு முன்னால் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"இன்னொண்ணு அக்கா" என்றான் தம்பி, குரல் இறங்கிப் போய். "பேச்சுவாக்குல சொல்லிட்டேன். இத கட்ட நீ மண்ணு சொமந்தேன்னு."

"உன் வாயில மண்ணப் போட."

ஆலன் எழுந்தார். சுற்றிலும் பார்த்தார். எந்த இடம், எந்தப் பக்கம் என்று கையாலேயே கேட்டார். நான் என்ன சொல்ல? நான் இருந்தபோது குழியும் கம்பியும் சாரமுமாக இருந்தது. வெயில் எந்தப் பக்கம் இருந்து அடித்தது என்பதுகூட இப்போது சொல்ல முடியவில்லை. எதுவுமே என் கண்ணுக்குத் தெரிந்த இடமாக இல்லை. அவர் நின்றுகொண்டே இருந்தார். சும்மா ஒரு தூணைக் காட்டினேன். அவர் படியிறங்கிப் போய் அந்தத் தூணைக் கையால் தடவினார். போட்டோ எடுத்தார். தப்பான தூண் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஒருவேளை சரியான தூணாகவும் இருக்கலாம்.

திரும்பி வந்தவர் உட்காரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, என் முன்னால் நின்றார்.

கேட்கப் போகிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. காலையிலிருந்து எதற்காகக் காத்துக்கொண்டிருந்தேனோ அது. தம்பி வேகமாக என் பைக்குள் கையை விட்டான். "வெத்தல இருக்கு, மாமன் நான் இருக்கேன், இங்கயே மாத்திக்கலாம் அக்கா."

நான் கையை உயர்த்தினேன்.

"இருக்கட்டும். இங்க கேக்க வேணாம்னு சொல்லு."

"ஏன்?"

"பொண்ணு கேக்குறது வீட்ல வந்து கேக்குறது. நாற்காலிக்கு நம்பர் போட்ட எடத்துல இல்ல."

தம்பி என்னை ஒரு மாதிரி பார்த்தான். "என் வீட்டுக்கு வரச் சொல்லட்டா?"

"மாமன் வீட்ல எவன்டா பொண்ணு கேப்பான்? என் வீட்டுக்கு."

"அக்கா, நரேலாவுக்கா?"

"ஆமாம். நாளைக்கு."

நாலாவது மாடி

ராத்திரி முழுக்கத் தரையைத் துடைத்தேன். காலையில் வாசற்படியில் தண்ணீர் தெளித்தேன். சுவர்ப் பூச்சு உதிர்ந்த இடத்தில் மாதா படத்தை மாட்டலாமா என்று பார்த்து, வேண்டாம், இருக்கிறது இருக்கிறபடி இருக்கட்டும் என்று விட்டேன்.

மெட்ரோவில் வந்து, பஸ் மாறி, ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். படி ஏறிவந்த ஆலனுக்கு மூச்சு இரைத்தது. கையில் ஒரு எவர்சில்வர் தட்டு. அதில் ஆப்பிள், ஆரஞ்சு, மல்லிகை கிடைக்காததால் சாமந்தி. கடையில் புதுத் தட்டாக வாங்கியிருக்கிறார், விலைச் சீட்டு ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தம்பி சொல்லிக் கொடுத்திருப்பான். வாசலில் ஷூவைக் கழற்றினார். ஒரு சாக்ஸில் ஓட்டை.

நாற்காலியை அவருக்குப் போட்டேன். நான் கட்டிலில் உட்கார்ந்தேன். அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். என் கண் அவர் கை மேலேயே இருந்தது. கை மூக்குப் பக்கம் போகவில்லை. தட்டைப் பிடித்தபடியே இருந்தது.

பிறகு கேட்டார். நிதானமாக, நிறுத்தி நிறுத்தி. தம்பி முதல் தடவையாக ஒரு வார்த்தை விடாமல் தமிழில் சொன்னான்.

"என் பையன் டாமுக்கு உங்க பொண்ணு ஸ்டெல்லாவக் குடுக்கணும்னு கேக்க வந்திருக்கேன். எங்க வீட்ல பெருசா ஒண்ணும் இல்ல. பையனோட அம்மா இருந்திருந்தா அவதான் வந்து கேட்டிருப்பா. எனக்கு இதெல்லாம் கேக்கத் தெரியல. தப்பா கேட்டிருந்தா மன்னிச்சிக்குங்க."

நான் உடனே பதில் சொல்லவில்லை. பெண்ணைக் கொடுக்கிறவள் அவசரப்படக் கூடாது. எழுந்து போய் டிகாக்ஷன் இறக்கி, பால் காய்ச்சி, நுரை வர ஆற்றிக் காபி கொண்டுவந்து கொடுத்தேன். அவர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே, கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். தம்பி நெளிந்தான்.

"இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா சம்பந்தி?" என்று கேட்டேன்.

தம்பி மொழிபெயர்க்க வாயைத் திறந்தான். நின்றுவிட்டான். சம்பந்தி என்பதற்கு இங்கிலீஷில் சொல் இல்லையாம். அவன் எதையெதையோ சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தான். அதற்குள் ஆலன் டம்ளரை என் பக்கம் நீட்டினார்.